சுபலட்சுமி முதலில் குப்பையைத்தான் பார்ப்பாள்

சுபலட்சுமி எங்கள் வண்டிக்கு வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை மறைத்து இனி எனக்கு என்ன ஆகப் போகிறது? இருபத்தாறு வயது, கல்வராயன் மலையில் பிறந்த பெண், ஒல்லி உடம்பு, யார் என்ன சொன்னாலும் "அப்டியா?" என்று கேட்கிற வாய். அந்த "அப்டியா"வில் நம்பிக்கை ஒரு சொட்டு இருக்காது. காலையில் வணக்கம் சொன்னால்கூட இவன் எதற்குச் சொல்கிறான் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வரும்.

நான் நவுஷாத். கள்ளக்குறிச்சிக்காரன். ஸ்டியரிங் பிடித்து இருபத்திரண்டு வருஷம். அதில் ஏழு வருஷம், போனில் மூன்று நம்பர் அடித்தால் வருகிற அரசு ஆம்புலன்ஸ் ஓட்டினேன். இப்போது ஓட்டவில்லை. ஏன் ஓட்டவில்லை என்று சொல்ல வேண்டுமானால் இந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையில் யார் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவனுக்கு பைலட் என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். பைலட் ஸ்ட்ரெச்சர் பிடிக்கலாம், ரத்தம் கொட்டினால் துணி வைத்து அழுத்தலாம், மூச்சும் நாடியும் நின்றுபோனால் நெஞ்சை அமுக்கலாம். ஊசியைத் தொடக் கூடாது. பின்னால் உட்கார்ந்து வருகிறவர் மருத்துவ உதவியாளர். அவர் ஆக்ஸிஜன் வைக்கலாம், சர்க்கரை பார்க்கலாம், உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டலாம், பிரசவம் பார்க்கலாம், குளுக்கோஸ் ஏற்றலாம். அதற்கு மேலே ஒரு மருந்து ஏற்ற வேண்டுமானால் கன்ட்ரோல் ரூமில் இருக்கிற டாக்டருக்குப் போன் போட வேண்டும். அவர் சொன்ன மருந்து, சொன்ன அளவு. அவர் பெயரையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். வென்டிலேட்டர் வைத்த பெரிய வண்டி வேறு, அதில் ஏறுகிறவர்களுக்குப் பயிற்சியும் வேறு. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி டாக்டர் பாடு.

நர்சிங் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருவார்கள். அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு இதற்கென்று ஒன்றரை மாதத்துக்கு மேல் பயிற்சி எடுத்தவர்களும் வருவார்கள். சுபலட்சுமி எந்த வகை என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"நர்சிங்காம்மா?"

"இல்லண்ணா. விலங்கியல். அப்பால ட்ரெய்னிங்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவளை அறுத்த பொண்ணா என் வண்டியில் பிரசவம் பார்க்கப் போகிறாள்? "தவளைக்கு இன்னாம்மா ஊசி போடுவீங்க?" என்று கேட்டேன்.

"தவளை கிட்ட ஒரு வசதி இருக்குதுண்ணா. அது பொய் சொல்லாது" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அன்றைக்கே என் மூக்கு உடைந்தது.

அவள் அப்பாவுக்கு மலைமேல் சாமையும் கொஞ்சம் மரவள்ளியும். வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் இவள். திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்தாளாம். விடுதியில் பெட்டிக்குப் பூட்டு போட்டும் சோப்பு காணாமல் போகும் என்று சொல்வாள். இவள் குணம் அங்கே தொடங்கியதா, பிறவியிலேயே வந்ததா, எனக்குத் தெரியாது. டீக்கடையில் கிளாஸ் கழுவுவதைக் கண்ணால் பார்த்தால்தான் டீ குடிப்பாள். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஃபுல்லாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும் ஏறிப்போய் முள்ளைப் பார்ப்பாள். டயரையும் உதைத்துப் பார்ப்பாள். அடப் பாவி, டயர் என்னுடைய வேலை! "நான் பாத்துட்டேம்மா" என்றால், "பாத்திருப்பீங்கண்ணா" என்பாள், பார்த்துக்கொண்டே.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவளுடைய குப்பைப் பழக்கம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நோயாளியை ஒரு பார்வை பார்ப்பாள். மூச்சு, நாடி, நினைவு. ஆக்ஸிஜன் வேண்டுமானால் மாட்டிவிடுவாள். "ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்பாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான், "இல்லீங்க சிஸ்டர்." உடனே, நான் ஸ்ட்ரெச்சரை இறக்குகிற இரண்டு நிமிஷத்தில், இவள் விறுவிறுவென்று வீட்டின் பின்பக்கம் போய்விடுவாள். குப்பைமேட்டைக் குச்சியால் கிளறுவாள். அடுப்புச் சாம்பலைக்கூட விடமாட்டாள். தேடுவது மருந்து வருகிற அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி, ஆம்பூல். கழுத்து உடைந்த ஆம்பூல் ஒன்று கிடைத்துவிட்டால் நேராக வந்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "இது இன்னாங்க?"

நம் பக்கத்தில் இது ஒரு வழக்கம். படிக்காமல் ஊசி போடுகிற ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். காய்ச்சல் என்றாலும் வலி என்றாலும் அவர்தான் முதலில். அவர் போட்டுப் பார்த்து ஆகவில்லை என்றால்தான் ஆம்புலன்ஸுக்குப் போன். நாங்கள் போய் நின்றதும் மொத்த வீடும் வாயை மூடிக்கொள்ளும். சொன்னால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே, அப்புறம் அவசரத்துக்கு யார் வருவார்கள் என்கிற பயம். கெட்ட எண்ணம் கிடையாது. கூப்பிட்டால் வருகிறவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற ஒரு விசுவாசம்தான்.

இவள் அந்த விசுவாசத்துக்குப் பரம விரோதி. ஏன் இப்படி அலைகிறாள் என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன். கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"என் மொத போஸ்டிங் மணலூர்பேட்டை பக்கம்ணா. கரும்பு வெட்ட வந்த ஆளுக்கு வலிப்பு. ஊசி போட்டீங்களான்னு கேட்டேன். இல்லவே இல்லன்னாங்க. டாக்டருக்கு போன் போட்டேன். அவரும் கேட்டாரு. இல்ல சார்னு நானே சொன்னேன். வலிப்பு நிக்கிறதுக்கு அவர் சொன்ன மருந்த சொன்ன அளவுல ஏத்தினேன். பத்து நிமிசத்துல அந்தாளுக்கு மூச்சு கம்மியாயிடுச்சு. திருக்கோவிலூர் வரைக்கும் மூச்சு குடுக்கிற பலூனை அமுக்கிக்கினே போனேன்."

"அப்பால?"

"போய்ட்டாரு. இடுப்புல ரெண்டு பொட்டு இருந்துச்சு, மேல பஞ்சு ஒட்டிக்கினு. அதே மருந்த ரெண்டு ஊசி ஏற்கெனவே போட்டிருக்காங்க. என்னுது மூணாவது." அவள் டப்பாவை மூடினாள். "பொய் அவங்க சொன்னாங்கண்ணா. ஊசி என் கைதான போட்டுச்சு."

அன்றைக்கு அவள் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. எனக்கு இறங்காததற்குக் காரணம் வேறு.

இனி அதைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஊசி போட்டவன்.

அரசு வண்டிக்கு வருவதற்கு முன்னால் தியாகதுருகத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். அதில் டிரைவர் மட்டும்தான். பின்னால் உட்கார ஆள் கிடையாது. நோயாளி துடிப்பார், சொந்தக்காரர்கள் "ஏதாச்சும் பண்ணுங்க பாய்" என்று என் சட்டையைப் பிடிப்பார்கள். நர்சுகள் போடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கை நடுங்கியது. பத்தாவது தடவை நடுங்கவில்லை. மலையில் என்னை "டாக்டர் பாய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கள்ளக்குறிச்சியில் நான் டிரைவர். டீக்கடையில்கூட "டேய் டிரைவரு" என்றுதான் கூப்பிடுவான். மலை ஏறினால் டாக்டர். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். வேறு எதற்காகவும் இல்லை.

அரசு வண்டிக்கு வந்த பிறகு ஊசி போடுவதை நிறுத்திவிட்டேன், கொடுப்பதை நிறுத்தவில்லை. லீவு நாளில் மலைக்குப் போவேன். தெரிந்த நாலைந்து வீடுகளில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து, எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு வருவேன். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆம்பூலில் ஒட்டியிருக்கிற பெயரைப் பிளேடால் சுரண்டிவிடுவேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

ஆகவே இந்தப் பெண் குப்பையைக் கிளறும்போதெல்லாம் நான் கை வேலையை விட்டுவிட்டு அவள் குச்சியையே பார்ப்பேன். சுரண்டிய ஆம்பூல் ஒன்று கிடைத்துவிட்டால் என் வேலை போகும், அதோடு என் பெயரும் போகும். இவளை யாரோ என்னை உளவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் அதில் என்னவோ எழுதுவாள். நான் திரும்பினால் மூடிவிடுவாள்.

ஒருநாள் மலையில் செல்லன் வீட்டு வழியாகப் போனோம். ஆவாரம்பாடி என்று இருபது முப்பது வீடுள்ள ஊர். செல்லன் சாமை விதைக்கிறவன், நல்ல பையன். வேலியோரம் நின்றுகொண்டு, "டாக்டர் பாய், நல்லா இருக்கீங்களா!" என்று மலை அதிரக் கத்தினான். நான் பார்க்காத மாதிரி கியரை மாற்றினேன்.

"உங்கள ஏண்ணா டாக்டர்ன்றாங்க?" என்றாள் சுபலட்சுமி.

"வெள்ளைச் சட்ட போட்டுக்கினு இருக்கறேன் இல்ல? தெரியாத சனங்க."

"அப்டியா?" என்றாள்.

அன்று மாலை அவள் முகம் கழுவப் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். தப்புதான். ஊர்ப் பெயர், தேதி, கிடைத்த ஆம்பூலின் மருந்து, எத்தனை. வரிசையாக எழுதியிருந்தாள். நடுநடுவே மூன்று இடத்தில் "பெயர் சுரண்டியது" என்று இருந்தது. மூன்றாவதன் கீழே, "மூன்றும் ஒரே மாதிரி பிளேடு கீறல். ஒரே ஆள். யார்?" என்று இருந்தது. "யார்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு. நோட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றிவந்து சும்மாவே டயரை உதைத்தேன்.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். வண்டியில் இருக்கிற மருந்துகளைக் காலையில் ஒரு தடவை, டூட்டி முடிகிறபோது ஒரு தடவை, என் கண் முன்னாலேயே எண்ணுவாள். நான் சிரிஞ்ச் பெட்டிப் பக்கம் போனால் அவள் பேச்சு நின்றுவிடும். எனக்குக் கோபம் கோபமாக வரும். திருடனைப் பார்ப்பதுபோலவா பார்க்கிறாய் என்று கேட்க வாய் வரும். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

போன வருஷம் தை மாதம், நல்ல பகல். ஆவாரம்பாடியிலிருந்து பிரசவக் கேஸ் என்று அழைப்பு வந்தது. பெயர் மணிமொழி, புருஷன் பெயர் செல்லன்.

முந்தைய மாதம்தான் செல்லனுக்கு இரண்டு ஆம்பூல் கொடுத்திருந்தேன். வலி ஊசி. பிரசவ வலியைக் கூட்டுகிற மருந்து. ஆஸ்பத்திரியில் அதைச் சொட்டுச் சொட்டாக, பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டு ஏற்றுவார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், "வலி வந்து நின்னுபோச்சுன்னா மட்டும் ஒண்ணு போடு" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன். போட்டிருக்கக் கூடாது யா அல்லாஹ், போட்டிருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வளைவுகளைத் திருப்பினேன்.

மணிமொழி பாயில் கிடந்தாள். வலி விட்டு விட்டு வரவில்லை. ஒரே பிடியாகப் பிடித்திருந்தது. கத்தக்கூட மூச்சு இல்லை அவளுக்கு. சுபலட்சுமி வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊசி போட்டீங்களா?"

செல்லன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் அம்மா வெள்ளச்சிதான் முந்திக்கொண்டாள். "இன்னா ஊசி? எங்களுக்கு ஏது கண்ணு ஊசி? நாங்க ஒண்ணியும் போடல."

"நெசமாத்தான? புள்ளத்தாச்சி உசுரு."

"சாமி சத்தியமா இல்ல" என்றாள் வெள்ளச்சி. சொல்லிவிட்டு அவளும் என்னைத்தான் பார்த்தாள். உன்னைக் காப்பாற்றிவிட்டோம் பாய் என்று சொல்கிற மாதிரி ஒரு பார்வை. நான் ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டை அவிழ்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

சுபலட்சுமி பின்பக்கம் ஓடினாள். குப்பையில் இல்லை, சாம்பலிலும் இல்லை. எங்கே இருக்கும்? இவள் குப்பையைக் கிளறுகிற சங்கதி அதற்குள் மலை முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. யாரும் இப்போது குப்பையில் போடுவதில்லை. வெறும் கையோடு திரும்பி வந்தாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

மணிமொழியை வண்டியில் ஏற்றினோம், செல்லனும் பின்னால் ஏறிக்கொண்டான். ஊரைத் தாண்டினதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் மேலே ஏறினால் ஆரம்ப சுகாதார நிலையம், இருபது நிமிஷம். வலது பக்கம் இறங்கினால் மலைப்பாதை, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி, ஒன்றேகால் மணி நேரம். அந்த இடத்தில் போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் கிடையாது.

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன்.

"ஊசி போடலன்னா இடது பக்கம், நார்மலா பொறந்துடும். போட்டிருந்தா வலது பக்கம், ஆபரேஷன் இருக்கிற எடத்துக்கு." மறுபடி மணிமொழியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "ஆதாரம் ஒண்ணும் இல்லண்ணா. இடது பக்கம் போங்க. மேல வளைவுல சிக்னல் வரும், டாக்டர கேக்கறேன்."

நான் இடது பக்கம் திருப்பினேன்.

எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் என் கை இடது பக்கம்தான் திருப்புகிறது. போடாமல் இருந்திருக்கலாம் இல்லையா, கிழவி சத்தியம் செய்தாளே, என்று எனக்கு நானே பேசிக்கொண்டு ஓட்டினேன். எல்லா வீட்டிலும் இந்தக் கேள்விக்குப் பொய்தான் வரும் என்று தெரிந்த நான், என் வேலைக்கு ஆபத்து என்றதும் வெள்ளச்சியின் சத்தியத்தை நம்பினேன்.

பதினைந்து நிமிஷம் ஏறிய பிறகு சிக்னல் வந்தது. சுபலட்சுமி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். வலி விடாமல் பிடித்திருப்பதைச் சொன்னாள், குழந்தையின் நாடி குறைகிறது என்றாள்.

"வலி வர ஊசி ஏதாவது போட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லன்னு சொல்றாங்க சார். எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா கையில ஒண்ணும் கிடைக்கல."

"நீங்க பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பாக்கல சார்" என்றாள். அவள் குரல் உடைந்தது. அந்தக் கரும்பு வெட்டுகிற ஆள் மறுபடியும் அவள் முன்னால் படுத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வண்டியை நிறுத்தினேன். "போட்டிருக்காங்க" என்றேன். "வலி ஊசி. நான்தான் குடுத்தேன். போன மாசம், ரெண்டு ஆம்பூல்."

"ஐயோ பாய்!" என்று செல்லன் பதறினான். இப்போதும் அவன் பதறியது எனக்காகத்தான்.

"எத்தனை போட்டீங்க?" சுபலட்சுமி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எத்தனை, எப்ப?"

"ரெண்டும் போட்டுட்டோம் சிஸ்டர். மொத ஊசிக்கு ஒண்ணும் ஆவல, செத்த நேரம் பாத்துட்டு இன்னொண்ணும்... விடிஞ்சு வெயில் ஏறினப்ப."

அவள் அப்படியே டாக்டரிடம் சொன்னாள். அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள், ஆக்ஸிஜன், சலைன், வேறு எந்த மருந்தும் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, நான் ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் வண்டியைத் திருப்பினேன். ஏறிய பதினைந்து நிமிஷப் பாதையில் இறங்கி, அதே பிரிவுக்கு வந்து, வலது பக்கம் போனேன். அப்படி ஒரு ஓட்டு என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. பின்னால் சுபலட்சுமி, "மணி, கண்ண தொற, என்ன பாரு, என்ன பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டின பிறகு மணிமொழியின் முனகலும் நின்றுவிட்டது.

மணிமொழி பிழைத்தாள். கர்ப்பப்பை கிழிந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுபலட்சுமி கேஸ் தாள் எழுதிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் ரத்தம் காய்ந்துபோயிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். "நான்தான் சொல்லிட்டேனேம்மா. அத கொஞ்சம் மாத்தி எழுதக் கூடாதா? எனக்கும் புள்ளைங்க இருக்குது."

அவள் பேனாவை நிறுத்தினாள். "அவங்க வூட்ல நான் கேட்டப்ப நீங்க ஸ்ட்ரெச்சர் பெல்ட்ட அவுத்துக்கினு இருந்தீங்க. அது ஏற்கெனவே அவுந்துதான் இருந்துச்சுண்ணா. நான் பாத்தேன்." தாளில் எழுதிய நேரத்தைத் தொட்டுக் காட்டி, "மேல ஏறினது பதினஞ்சு நிமிசம், எறங்கினது பதினஞ்சு. அரை மணி நேரம். எழுதத்தான் போறேன்" என்றாள்.

எழுதினாள். விசாரணையில் நானும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வேலை போனது. போலீஸும் வந்தது. செல்லன் புகார் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று சாதித்துவிட்டான், வழக்கு நிற்கவில்லை. அவன் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு மூட்டைச் சாமையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நீங்க மட்டும் வழியில சொல்லலன்னா அவளும் போயிருப்பா டாக்டர் பாய்" என்றான். கண்ணில் தண்ணீர். உண்மையாகவே நன்றி சொல்ல வந்திருக்கிறான். அவனைத் திட்டித் துரத்தியிருக்க வேண்டும், இல்லை காலில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அந்தச் சாமையை இன்னும் பிரிக்கவில்லை. என் மனைவி ஷம்ஷாத் வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி விழுந்துடும் என்று கத்துவாள்.

இப்போது தியாகதுருகத்துக்கும் திருக்கோவிலூருக்கும் லோடு வண்டி ஓட்டுகிறேன். சுபலட்சுமி அதே ஆம்புலன்ஸில்தான் இருக்கிறாள். ரோட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது.

இந்த வருஷம் ரமலான் முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் என் அம்மா ரசூல் பீவிக்கு நெஞ்சு அடைத்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியர்த்துக் கொட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தவள், "நீதான் டாக்டராச்சே, ஒரு ஊசி போடேன்டா" என்றாள். அம்மாவுக்கு நான் எப்போதும் டாக்டர்தான். பீரோவின் அடியில் பழைய நாள் ஆம்பூல் ஒன்று மிச்சம் இருந்தது. பெயர் சுரண்டியது. என்ன மருந்து என்று எனக்கே நிச்சயமில்லை. அதைக் கையில் எடுத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். சிரிஞ்சையும் எடுத்தேன். பிறகு இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு மூன்று நம்பரை அடித்தேன்.

எட்டு நிமிஷத்தில் வண்டி வந்தது. வெற்றிவேல் என்று ஒரு புதுப் பைலட். பின்னாலிருந்து இறங்கியது சுபலட்சுமி. என்னைப் பார்த்ததும் அவள் நடை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நேராக அம்மாவிடம் போனாள். நாடி, மூச்சு, ஆக்ஸிஜன். திரும்பாமலே கேட்டாள்.

"ஊசி போட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்டியா?" என்றாள். வெற்றிவேல் ஸ்ட்ரெச்சரை இறக்கப் போனான். அவள் விறுவிறுவென்று என் வீட்டின் பின்பக்கம் போனாள்.

ஷம்ஷாத்துக்குத் தாங்கவில்லை. "இன்னா பொண்ணுங்க இது! உசுருக்குப் போராடிக்கினு இருக்காங்க, இது நம்ம வூட்டுக் குப்பைய கிளறிக்கினு நிக்குது. ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. என் வீடு, என் அம்மா, என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதையா? மேஜைமேலிருந்த ஆம்பூலை எடுத்துக்கொண்டு கோபத்தோடு பின்பக்கம் போனேன். அவள் குச்சியோடு குனிந்திருந்தாள். வெங்காயத்தோல், பால் கவர், பையன் உடைத்த பொம்மை. ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த ஆம்பூலை நீட்டினேன்.

"இதான்மா இருக்குது. எடுத்தேன். போடல. கழுத்து உடையல பாரு."

வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிளேடு கீறலைக் கட்டைவிரலால் தடவினாள். அந்த மூன்றோடு இது நாலாவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆதாரத்தைக் கையிலேயே கொடுத்தேன். அவளோ அம்மாவின் புடவையை மெல்ல விலக்கி, இரண்டு கை, இடுப்பின் இரண்டு பக்கம், இரண்டு தொடை என்று ஒரு இடம் விடாமல் பார்த்தாள். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அவளைத் தடுக்கவில்லை.

பார்த்து முடித்துப் புடவையைச் சரிசெய்துவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டாள். வயது, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சொன்னாள்.

"ஊசி எதுவும் போடல சார்" என்றாள்.

அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ கேட்டார். சுபலட்சுமி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வூட்ல சொன்னத வச்சு சொல்லல சார். நானே பாத்தேன்."